ஆகாயப் புறம்போக்கு

சிறுபத்திரிகை வட்டாரத்தில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவது ஏறக்குறைய ஒரு ஒழுக்கக்கேடு. அப்படியே பேசினாலும் இரண்டு விதமாகத்தான் பேச அனுமதி உண்டு. மேட்டுக்குடி ஆட்டம் என்று ஒதுக்கலாம், அல்லது மூலதனத்தின் அபின் என்று ஒதுக்கலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் இப்படி ஒதுக்கிவிட்டு வெளியே வந்ததும் செல்போனில் ஸ்கோர் பார்க்கிற தோழர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன் என்பதால் மேற்கொண்டு சொல்லவில்லை. ஆட்டத்தின் சாதியைப் பற்றி இங்கே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பார்ப்பவனுடைய உரிமையைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஓர் ஆட்டத்தை யார், எங்கே நின்று, எந்த வழியாகப் பார்க்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இதையொரு ரசிகனின் குறை என்று தள்ளிவிட்டதன் வழியாக, பொதுச்சொத்து பற்றிய ஒரு பெரிய வழக்கை நாம் வாதாடாமலே தோற்றிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். திருவண்ணாமலையின் கலெக்டர் ஆபீஸ் இருப்பது எங்கள் வேங்கிக்காலில்தான். அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடையில் டி.வி. இருக்கிறது, கேபிள் இருக்கிறது, விளையாட்டு சேனலுக்குக் கட்டணம் கட்டவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் ரிமோட்டை வாங்கி தூர்தர்ஷனை வைத்தார். வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா சார், டிடில போடறாங்கன்னு சொன்னாங்க. நம்ப கேபிள்ல டிடி வெச்சா வேற என்னமோ வர்து. டிடி கவர்மெண்டுதுதானே?" என்று என்னிடம் கேட்டார். எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. ஆனால் கேள்வி சரியானது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. பிறகு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். அவரைத் திரும்பப் பார்த்தால் சொல்ல வேண்டும்.

அரசுத் தொலைக்காட்சி அந்த ஆட்டத்தை ஒளிபரப்பிக்கொண்டுதான் இருந்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கிற விளையாட்டுகளின் ஒளிபரப்பு உரிமையை எந்தத் தனியார் நிறுவனம் வாங்கியிருந்தாலும், அதன் நேரலையைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். விளம்பர வருவாயில் உரிமைக்காரருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 2004இல் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனபோது உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. கேபிள் இல்லாத வீடுகள் பார்க்க வழியில்லை. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போய், டென் ஸ்போர்ட்ஸின் சின்னத்தோடும் விளம்பரத்தோடும் தூர்தர்ஷன் காட்டலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. இத்தகைய இழுபறிகளின் முடிவில்தான் 2007 சட்டம்.

கேபிள் நடத்துகிறவர் தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டியாக வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? தனியார் சேனல் காசு கொடுத்து வாங்கிய ஆட்டம் தூர்தர்ஷன் வழியாக எல்லாக் கேபிள் வீடுகளுக்கும் போய்விடும். அப்புறம் விளையாட்டு சேனலுக்கு யார் சந்தா கட்டுவார்கள்? உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொன்னது இதுதான்: பகிர்ந்துகொள்ளப்பட்ட நேரலையைப் பிரசார் பாரதி தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் தன்னுடைய டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம். கேபிளுக்குள் அது போகக்கூடாது. ஆக, அதே தூர்தர்ஷன், அதே நேரம்; ஒரு வழியாக வந்தால் ஆட்டம் தெரியும், இன்னொரு வழியாக வந்தால் தெரியாது. டீக்கடையில் நாங்கள் பார்த்தது அதைத்தான்.

தீர்ப்பின் தர்க்கத்தில் குறை சொல்வது எளிதல்ல. சட்டம் யாருக்காக வந்தது? கேபிளுக்கு வசதியில்லாதவருக்காக. அவர் வீட்டில் ஆன்டெனாதானே இருக்கும், அங்கே காட்டினால் போதும் என்கிறது. ஆனால் அந்த ஆன்டெனா வீடு எங்கே இருக்கிறது? தூர்தர்ஷன் தன்னுடைய பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. மிஞ்சியிருப்பது டிடி ஃப்ரீ டிஷ் மட்டுமே. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டில் தெருத்தெருவாய்ப் போய்ப் பாருங்கள், எத்தனை மாடியில் அது இருக்கிறது? சன், விஜய் போன்ற பெருந்தமிழ் சேனல்கள் அதில் இல்லை. சீரியல் பார்க்கிற வீட்டில் அதை யார் மாட்டுவார்கள்? இந்தி சேனல்கள் அதில் தாராளம். அதாவது 'தேசிய முக்கியத்துவம்' என்று பெயர் சூட்டப்பட்ட காட்சி, யாருடைய வீட்டுப் பெட்டியில் இந்தி இலவசமாகக் கொட்டுகிறதோ அங்கேதான் இலவசமாகப் போய்ச் சேருகிறது. தேசம் என்கிற சொல்லாடல் எந்த வயர் வழியாகப் பாய்கிறது என்று இதைவிடத் துலக்கமாகக் காட்டுகிற உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. யாரும் சதி செய்து இப்படி அமைத்ததாக நான் நினைக்கவில்லை. சதி இல்லாமலே இப்படி அமைந்துவிடுவதைத்தான் அமைப்பு என்கிறோம்.

இந்தக் கதை தொடங்குகிற இடத்துக்கு வருவோம். 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்கிற வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின்னணியாக நின்றது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டத்தை வைத்து டெண்டுல்கரின் பந்துவீச்சு யாருக்குச் சொந்தம் என்று வாதாடினார்கள். 1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுச்சொத்து. அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது. அலைகளை ஒழுங்குபடுத்தப் பொது அதிகாரம் பெற்ற தன்னாட்சி அமைப்பு ஒன்று வேண்டும். கருத்துரிமை பேசுகிறவனுடையது மட்டுமல்ல, கேட்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் அதில் பங்குண்டு. இவ்வளவும் அதில் இருக்கிறது.

பொதுச்சொத்து என்றால் நம் ஊர் மொழியில் என்ன? புறம்போக்கு. வேங்கிக்காலில் ஏரி இருக்கிறது. ஏரிப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என்று வருவாய்த்துறைப் பதிவேட்டில் எழுதப்படுகிற வார்த்தை அது. வசவாகவும் அதே வார்த்தை. யாருக்கும் பட்டா இல்லாதது என்று அதற்குப் பொருள். எல்லாருக்கும் உரியது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. யாருக்கும் பட்டா இல்லாத நிலம் எப்படி யாரோ ஒருவருக்குப் பட்டா ஆகிறது என்பதை இந்த ஊரில் வளர்ந்த எவனுக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் வேலி, பிறகு வழக்கு, பிறகு ரசீது.

1995 தீர்ப்பு ஆகாயத்தைப் புறம்போக்கு என்று அறிவித்தது. நடந்ததோ பட்டா வழங்கல். அரசு ஏகபோகத்தை உடைக்கிறோம் என்கிற பாதி வாசகம் நடைமுறைக்கு வந்தது. தனியார் ஏகபோகம் கூடாது என்கிற மறுபாதி நூலகத்துக்குப் போய்விட்டது. 2022 ஜூனில் ஐ.பி.எல்.லின் ஐந்தாண்டு உரிமை 48,390 கோடிக்கு ஏலம் போனது. தொலைக்காட்சி ஒரு நிறுவனத்துக்கு 23,575 கோடி, இணையம் இன்னொரு நிறுவனத்துக்கு 23,758 கோடி, மிச்சம் வெளிநாட்டு உரிமை. போட்டி இருக்கிறது பாருங்கள் என்றார்கள். 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியின் இந்தியத் தொழிலும் இணைந்து, இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. 2023லும் 2024லும் ஜியோசினிமாவில் இலவசமாக ஓடிய ஐ.பி.எல்., 2025இல் ஜியோஹாட்ஸ்டார் என்கிற புதுப் பெயரின் கீழ் கட்டணத்துக்குள் போனது. தொடக்கநிலைத் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய், அல்லது 299 ரூபாய்க்கு மேல் ரீசார்ஜ். தண்ணீரை முதலில் இலவசமாக விட்டு, எல்லாரும் குழாய் போட்டு முடித்ததும் மீட்டர் வைப்பது மாதிரி. 149 பெரிய தொகையா என்று கேட்கலாம். இல்லைதான். வேலிக்கும் அவ்வளவு செலவாகாது.

உள்ளூரில் ஒளிபரப்பாகாத ஆட்டத்தைக் காசு கட்டிப் பார்க்கிற வசதி என்று இதை விளம்பரம் வர்ணிக்கும். ஏதோ நம்ம ஊரில் மழை பெய்யவில்லை, லாரித் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்கள் என்பது போல. ஆனால் 'இங்கே ஒளிபரப்பாகாதது' என்கிற நிலைமையே தயாரிக்கப்படுவது. அந்த இல்லாமைதான் சரக்கு. மற்ற நாட்டுக் கதைகளைப் பார்த்தால் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அமெரிக்காவில் அவர்களுடைய கால்பந்து லீக் 1994இல் சண்டே டிக்கெட் என்கிற சந்தாவைத் தொடங்கியது. உங்கள் ஊர் நிலையங்களில் வராத ஞாயிறு ஆட்டங்களை அதில் பார்க்கலாம். அணிகள் தனித்தனியாக விற்றால் விலை குறையும், சேர்ந்து விற்று விலையை ஏற்றிவிட்டார்கள் என்று சந்தாதாரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2024 ஜூனில் ஜூரி 470 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. ஆகஸ்டு முதல் தேதி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். அவர்களுடைய பேஸ்பாலில் கூத்து இன்னும் அதிகம். வெளியூர் ஆட்டங்களுக்குச் சந்தா கட்டினால் உள்ளூர் அணியின் ஆட்டம் மறைக்கப்படும், அதற்கு வேறு சேனலுக்குக் காசு கட்ட வேண்டும். அயோவா மாநிலத்தில் பெரிய அணி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சுற்றியுள்ள மாநிலங்களின் ஆறு அணிகள் அயோவாக்காரருக்கு 'உள்ளூர்' என்று நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தார்கள். சொந்தமாக ஒன்றும் இல்லாதவனுக்கு ஆறு உள்ளூர், ஆறிலும் மறைப்பு. ஊர் என்பது யாரோ வரைகிற கோடு என்று ஆண்டர்சனைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

எங்கள் டீக்கடைக்கு நெருக்கமான கதை இங்கிலாந்தில் நடந்தது. போர்ட்ஸ்மவுத்தில் கேரன் மர்ஃபி என்கிற பெண்மணி ஒரு மதுக்கடை நடத்தினார். கால்பந்து காட்ட உள்ளூர் நிறுவனம் கேட்கிற கட்டணம் கட்டுபடியாகாமல், கிரேக்க நிறுவனம் ஒன்றின் அட்டையை வாங்கிச் செருகி அதே ஆட்டத்தைக் காட்டினார். சுமார் 8,000 பவுண்டு வரை அபராதம், செலவு. விடவில்லை அந்தம்மா. 2011 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது சுவாரசியமானது. ஒரு நாட்டு அட்டையை இன்னொரு நாட்டில் பயன்படுத்தக்கூடாது என்று எல்லை போடுவது செல்லாது. அதோடு, கால்பந்து ஆட்டம் என்பது பதிப்புரிமை பெறத்தக்க படைப்பே அல்ல. விதிகளுக்குள் நடக்கிற ஆட்டத்தில் அப்படியான படைப்புச் சுதந்திரத்துக்கு இடமில்லை. ஆனால் ஒளிபரப்பின் முகப்புக் காட்சி, லீக்கின் கீதம், திரையில் வரும் வரைகலை ஆகியவை படைப்புகள், கடையில் அவற்றைக் காட்ட அனுமதி வேண்டும். அதாவது ஆடுகிறவனுடைய உடம்பு யாருக்கும் சொந்தமில்லை. அதன்மேல் ஒட்டப்படுகிற ஸ்டிக்கர் சொந்தம். ஸ்டிக்கரைக் கொண்டு உடம்பை வேலி போடலாம். மர்ஃபியின் தண்டனை மறு ஆண்டு ரத்தானது. இதை இங்கே ஏன் யாரும் மொழிபெயர்க்கவில்லை என்று தெரியவில்லை. ரோலான் பார்த்தை மொழிபெயர்க்கிற நேரத்தில் இதையும் ஒருவர் செய்திருக்கலாம்.

நியூஜெர்சியில் இருக்கிற என் சித்தப்பா மகன் வில்லோ டி.வி.க்கு டாலரில் சந்தா கட்டுகிறான். அங்கே கிரிக்கெட்டுக்கென்றே 2003இலிருந்து இருக்கிற சேவை அது. சேப்பாக்கத்தில் நடக்கிற ஆட்டத்தை அவன் விடியற்காலையில் பார்க்கிறான். இங்கே விடுமுறைக்கு வந்தால் அவனுடைய சந்தா வேலை செய்யாது. ஆட்டத்துக்கு 200 கிலோமீட்டர் பக்கத்தில் வந்ததும் அவன் அந்நியனாகிவிடுகிறான். "அண்ணா, உங்க போனைக் கொடுங்க" என்று கேட்கிறான்.

சரி, இதெல்லாம் படித்துவிட்டுப் பழைய தூர்தர்ஷன் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது, ஊரே ஒரு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோமே என்று உருக வருகிற நண்பர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது. 2003 உலகக்கோப்பையின்போது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மாவின் ஊரில், ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் பார்த்தோம். நான் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தேன். காலனிப் பையன்கள் நான்கைந்து பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் என்னோடு படித்தவன், என்னைவிட நன்றாகப் பந்து போடுகிறவன். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிடலாம் என்று தோன்றக்கூட இல்லை. வெயில் ஏறியபோது வீட்டுக்காரர் ஜன்னல் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கண் கூசுதாம். யாரும் காசு கட்டவில்லை, எல்லாம் இலவசம். தூர்தர்ஷனின் பொதுவெளி என்பது எங்களுக்குக் கூடமாகவும் அவர்களுக்கு ஜன்னலாகவும் இருந்தது. புறம்போக்கும் அப்படித்தானே? ஊர்க் கிணறும் ஊர்க் களமும் யாருக்குப் பொதுவாக இருந்தன?

அதனால்தான் சந்தா வந்ததை ஒற்றை வரியில் சபிக்க எனக்கு மனம் வரவில்லை. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. 2011இல் அ.தி.மு.க. அரசு, அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. படித்த வர்க்கம் இரண்டையும் கேலி செய்தது. ஆனால் அந்தப் பெட்டியும் அந்த வயரும் காலனி வீட்டுக்குள் போன பிறகு, ஒருத்தன் இன்னொருத்தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. காசு சாதியைக் கேட்பதில்லை என்பது பெரும்பொய்தான். ஆனால் ரிமோட் கையில் இருக்கிற நேரத்துக்கு மட்டும் அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை அனுபவித்தவரிடம் போய், சந்தை ஒழிக, பழைய பொதுவெளி வாழ்க என்று சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. பட்டா போடுகிறவனை எதிர்ப்பதற்கு, பழைய பண்ணையின் களத்தை மீட்டுத் தருவதாகப் பேசக்கூடாது. இந்த இடத்தில் நம் இடதுசாரி விமரிசனம் எப்போதும் சறுக்குகிறது.

இன்றைய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அன்றைக்கு டீக்கடையில் ஒருவர் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார், "போன்ல ஓசியாதான் ஓடுது சார்." உண்மை. அந்த உலகக்கோப்பை ஹாட்ஸ்டாரில் இலவசம். ஆனால் செல்போனுக்கு மட்டும். பெரிய திரையில் போட்டால் சந்தா. கையில் இருந்தால் இலவசம், சுவரில் இருந்தால் கட்டணம். தனியாகப் பார்த்தால் இலவசம், கூடிப் பார்த்தால் கட்டணம் என்றும் சொல்லலாம். கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஏழெட்டு போனில் ஒரே ஆட்டத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு போனிலும் சில நொடி வித்தியாசம். ஒருவர் "அவுட்" என்று தலையில் அடித்துக்கொள்கிறார், பக்கத்தில் இருப்பவருடைய போனில் பந்து இன்னும் போடப்படவில்லை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதும்போது, மனிதர்கள் நகர்ந்துகொண்டே தனித்தனி வீடுகளுக்குள் அடைபடுவதைக் குறித்தார். வீடுகூட மிச்சமில்லை இப்போது, உள்ளங்கை. கூடத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்தது. இடிந்த செங்கல் ஒவ்வொன்றையும் ஆளுக்கு ஒன்றாய்க் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆகாயத்தைப் பொதுவாகக் கேட்க வேண்டுமானால் ஒரு கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குத்தான் இங்கே விலை வைக்கப்பட்டிருக்கிறது.

கபடி வரும், கபடி மக்கள் ஆட்டம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீகை நடத்துகிற நிறுவனத்தின் பெரும்பங்கு அதை ஒளிபரப்புகிற ஸ்டாரிடமே போனது. ஏலம் எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, வயலையே வாங்கியாயிற்று. 2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கை, மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்கு 2025இல்தான் ஆதாரமானது. ஆட்டக்காரன் திரைக்கு வர முப்பது வருஷம் ஆகிறது. திரையின் உரிமையாளர் மைதானத்துக்கு வர ஓர் ஒப்பந்தம் போதும்.

ஆனால் பொங்கலுக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நடக்கிற கபடிப் போட்டிகளைச் சமீப வருஷங்களில் கவனித்து வருகிறேன். எந்தச் சேனலும் வருவதில்லை. பையன்கள் ஒரு சவுக்குக் கம்பில் செல்போனைக் கட்டி இணையத்தில் நேரலை விடுகிறார்கள். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வளைகுடாவில் வேலைக்குப் போன அதே ஊர்க்காரர்கள். சந்தா இல்லை, எல்லைக்கோடு இல்லை. உள்ளூரில் ஒளிபரப்பாகாத ஆட்டம் உள்ளூரிலிருந்தே வெளியே போகிறது. இங்கும் யார் அணி, எந்தத் தெரு அணி என்கிற கணக்கு உண்டு. அதை மறைத்து இதைச் சொர்க்கமாக்க நான் விரும்பவில்லை. இந்த வருஷம் அரையிறுதியின்போது நேரலையில் திடீரென்று சத்தம் போய்விட்டது. மைக்செட்டில் சினிமாப் பாட்டு ஓடியதாம், பாட்டுக்கு உரிமை வைத்திருக்கிறவர் சார்பாக இயந்திரமே கண்டுபிடித்துச் சத்தத்தை வெட்டிவிட்டது. போர்ட்ஸ்மவுத்துக்குச் சொன்ன நியாயம் நம்ம களத்துமேட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பையன்கள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒருவன் ஓடிப்போய் மைக்செட்காரரிடம் "அண்ணே, பாட்ட நிறுத்துங்க, கமெண்ட்ரி மட்டும் போதும்" என்றான். கம்பு லேசாகச் சாய்ந்து திரையில் பாதி வானம் தெரிந்தது. தோஹாவிலிருந்து ஒருவர் எழுதினார்: "டேய், ஆகாசத்த காட்டாத, ரைடர காட்டுடா."